மோட்டார்ஹோம் லெவலிங் ஜாக்கியை நாமே சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

உள்ளேயே தங்கும் வசதியுள்ள உங்கள் மோட்டார்ஹோமை இரவு தங்குவதற்கு நிறுத்திவிட்டு, வண்டியை மட்டப்படுத்தும் நான்கு லெவலிங் ஜாக்கிகளையும் இறக்கும் பட்டனை அழுத்துகிறீர்கள். மூன்று ஜாக்கிகள் இறங்குகின்றன, நாலாவது அசையவில்லை. அல்லது காலையில் கிளம்பும் நேரத்தில் ஒன்று மட்டும் மேலே ஏற மறுக்கிறது. உடனே மனசு போவது 'ஜாக்கி போச்சு, புதுசு வாங்கணும்' என்ற இடத்துக்குத்தான். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். காட்டிய பட்டறையிலும் முழு ஜாக்கியையே மாற்றச் சொன்னார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு தடவை நானே படுத்துப் பார்த்தேன். ராடில், அதாவது ஜாக்கியிலிருந்து நீண்டு இறங்கும் தண்டில், காய்ந்து இறுகிய சேறும் தளர்ந்துபோன ஒரு ஸ்பிரிங்கும்தான் காரணம்.

அதனால் ஜாக்கியைக் கழற்றுவதை எப்போதும் கடைசி வேலையாக வையுங்கள். மின்சாரம், எர்த், ஆயில், வால்வு, ராடு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அதற்கு முறை வர வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் ஜாக்கிகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், பெரிய வண்டிகளில் அதிகம் இருப்பது அதுதான். மோட்டாரும் திருகுத் தண்டும் சேர்ந்த எலக்ட்ரிக் ஜாக்கிக்கும் மின்சாரம் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும்.

உள்ளே நடப்பது என்ன

12 வோல்ட் மோட்டார் ஒன்று பம்பைச் சுற்றுகிறது. பம்ப், டேங்கிலுள்ள ஆயிலை இழுத்து, வால்வுகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட ஓர் உலோகக் கட்டைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு ஜாக்கிக்கும் அங்கே தனி சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தச் சுருளால் திறக்கும் வால்வு. நீங்கள் அழுத்தும் பட்டனுக்கு உரிய வால்வு திறக்கிறது, ஆயில் ஹோஸ் வழியாகப் போய் ராடைக் கீழே தள்ளுகிறது. மேலே ஏற்றும்போது பல மாடல்களில் பம்புக்கு வேலையே இல்லை. வால்வு மட்டும் திறக்கும், ஜாக்கியின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்குகள் ராடை இழுத்து, ஆயிலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். வெளியே ஸ்பிரிங் இல்லை, ஜாக்கிக்கு இரண்டு ஹோஸ் போகிறது என்றால் உங்களுடையது இரு பக்கமும் ஆயிலாலேயே தள்ளப்படும் வகை.

இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் பாதிக் குழப்பம் தீரும். இறங்காத ஜாக்கிக்கும் ஏறாத ஜாக்கிக்கும் காரணங்கள் வேறு வேறு.

அடியில் போகும் முன்

லெவலிங் ஜாக்கி வண்டியை மட்டமாக நிறுத்துவதற்கானது. அதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தாலோ ஒரு வால்வு திறந்துகொண்டாலோ பல டன் எடை சில நொடியில் இறங்கிவிடும். வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய ஸ்டாண்டுகளை, சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தயாரிப்பாளர் குறித்திருக்கும் இடங்களில் வைத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சக்கரம் தரையில் இருந்தாலும், காற்றுப் பை இறங்கினால் சேசிஸ் அப்படியே கீழே வந்துவிடும்.

பின் சக்கரங்களை அந்தரத்தில் விடாதீர்கள். கைப்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். சில வண்டிகளில் அது சக்கரத்தில்கூட இல்லை, பின் சக்கரங்களுக்கு சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாப்டைப் பிடிக்கும். அந்த வகையில் ஒரு பின் சக்கரம் மட்டும் தூக்கினாலே போதும், இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் டிபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வழியாக மற்றச் சக்கரம் உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து நகர்ந்துவிடும். அதனால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை கட்டாயம்.

அப்புறம், கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. பல அமைப்புகளில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டைத் தொடும். ஊசித் துளையிலிருந்து அந்த வேகத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் கொசுக்கடி போலச் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை அது. ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்திப் பாருங்கள், கசிவு இருந்தால் அட்டை நனையும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் வேலை முடியும் வரை கழற்ற வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், பஞ்சுத் துணி, ஆயில் பிடிக்க ஒரு தட்டு, ஹோஸ் முனையை மூடச் சின்ன மூடிகள், உலர் சிலிக்கான் ஸ்பிரே, ஒரு ரசமட்டம், சாக்பீஸ். பட்டனை அழுத்த ஒரு ஆளும் வேண்டும். அவர் உங்கள் குரல் கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் படி: மின்சாரம்

ஜாக்கி பட்டன்கள் இருக்கும் பேனலில் விளக்கே வரவில்லையா? சாவி சரியான நிலையில் இருக்கிறதா, கைப்பிரேக் முழுதாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான அமைப்புகள் இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் வேலையே செய்யாது. கைப்பிரேக் லீவர் அல்லது பெடல் அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் அழுக்கேறிப்போவது சகஜம். பிரேக் போட்டும் டாஷ்போர்டில் அதன் விளக்கு எரியவில்லை என்றால் அங்கேதான் கோளாறு. அடுத்து பியூஸ்.

பேனல் விளக்கு எரிகிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். பட்டனை அழுத்தியதும் பம்ப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் ரிலேவுக்கு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்சுக்கு, கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சத்தமே இல்லை என்றால் பேனலிலிருந்து வரும் ஒயரைத் தேட வேண்டும்.

சத்தம் வந்தும் மோட்டார் சுற்றவில்லை, அல்லது முக்கி முனகிச் சுற்றுகிறது என்றால் மீட்டரை எடுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பம்ப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும், அந்தச் சுமையில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மூன்று அளவு எடுங்கள்.

முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே. பம்ப் ஓடும்போது இது 11-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியே பலவீனம், வேறெதையும் தொட வேண்டாம். இரண்டாவது, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் பிளஸ் முனையிலும் இன்னொன்றை பம்ப் மோட்டாரின் பிளஸ் போல்ட்டிலும் வையுங்கள். மூன்றாவது, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் மோட்டாரின் உலோக உடம்புக்கும் இடையே. பின்னால் சொன்ன இரண்டும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் மாட்டுவது மூன்றாவதுதான். சேசிஸில் எர்த் ஒயர் முடுக்கிய இடம் பெயிண்ட், துரு, சேறு எல்லாம் சேர்ந்து வெறும் ஒட்டலாக நிற்கும். பேட்டரியைத் துண்டித்து, போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, திரும்ப இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசிவிடுங்கள். 'மோட்டார் போயிடுச்சு' என்று நினைத்த பல பம்புகள் இந்தப் பத்து நிமிட வேலையில் எழுந்து ஓடும்.

ரிலேயின் இரு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே சுமையில் அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். அதிகம் வந்தால் உள் தொடுமுனை கருகியிருக்கிறது, ரிலேயை மாற்றுங்கள். வோல்ட்டேஜ் மோட்டார் வரை ஒழுங்காக வந்தும் அது சுற்றவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டும்போது ஓடத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது படி: ஆயில்

எல்லா ஜாக்கிகளும் மேலே ஏறிய நிலையில்தான் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் விரியும் அறையும் இதே பம்பில் ஓடுகிறது என்றால் அதையும் உள்ளே இழுத்துவிடுங்கள். ஜாக்கி இறங்கிய நிலையில் அளவு குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து ஊற்றிவிட்டால், ஜாக்கி ஏறும்போது ஆயில் டேங்கை விட்டு வழியும்.

பல தயாரிப்பாளர்கள் சொல்வது டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் (ATF). உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடக் கூடாது. அது உள்ளே ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்களை உப்ப வைத்துக் கெடுத்துவிடும், பிறகு எல்லா ஜாக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகும்.

ஆயிலைப் பார்த்தே நிறைய சொல்லலாம். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரையாக இருந்தால் அளவு குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறது. கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் முழுதாக மாற்ற வேண்டியதுதான். டேங்கை காலி செய்து, உள்ளே இருக்கும் சல்லடையைக் கழுவி, புது ஆயிலை வடிகட்டி ஊற்றுங்கள். டேங்க் மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றித் துடைப்பதை மறக்க வேண்டாம். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் அது நேராகப் போய் உட்காருவது வால்வில்தான்.

மூன்றாவது படி: ஒரே ஒரு ஜாக்கி மட்டும் தகராறு செய்தால்

மற்றவை வேலை செய்கின்றன என்றால் பம்பும் ஆயிலும் சரி. இனிச் சந்தேகம் அந்த ஜாக்கியின் வால்வு, ஹோஸ், ஜாக்கி ஆகிய மூன்றின் மேல்தான்.

இறங்காத ஜாக்கிக்கு முதலில் வால்வுச் சுருளைச் சோதியுங்கள். பட்டனை அழுத்திய நிலையில், இரும்புத் திருப்புளியின் நுனியைச் சுருளின் நடுவில் இருக்கும் நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தம் போலப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் சுருளுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது சுருள் அறுந்திருக்கிறது. பக்கத்து வால்வின் சுருளோடு மின்தடையை ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல சுருள்கள் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டும், அறுந்த சுருள் எதுவும் காட்டாது. சுருள் நன்றாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கலாம்.

ஏறாத ஜாக்கிக்கு நான் அதிகம் நம்பும் சோதனை இது. வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கிறது, ஜாக்கியின் பாதம் எதையும் தாங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வால்வுக் கட்டையில் அந்த ஜாக்கியின் ஹோஸ் முனையைத் துணியால் சுற்றி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஆயில் கசியக் கசிய ஜாக்கி தானாக மேலே ஏறினால் ஜாக்கியும் ஸ்பிரிங்கும் நலம், வால்வுதான் திறக்கவில்லை. ஆயில் வெளியேற வழி கொடுத்தும் அது அசையாமல் நின்றால் கோளாறு கீழே இருக்கிறது: அழுக்கு ராடு, தளர்ந்த ஸ்பிரிங், வளைந்த ராடு, எங்காவது மடங்கிய ஹோஸ்.

வண்டியைத் தாங்கி நிற்கும்போதே தானாக உள்ளே சுருங்கும் ஜாக்கி வேறு கதை. ஹோஸ் ஓரம், ராடு சீல் இரண்டும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே ஒரு சொட்டு இல்லாமலும் சுருங்கினால் ஆயில் வால்வு வழியாகத் திரும்புகிறது. ஆனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆயில் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.07 சதவீதம் சுருங்கும். பகலைவிட இரவு 20 டிகிரி குறைந்தால், 30 சென்டிமீட்டர் நீட்டிய ராடு 4 மில்லிமீட்டர் உள்ளே போவது இயல்பு. காலையில் அந்த அளவு வித்தியாசம் கண்டால் எதையும் கழற்ற வேண்டாம்.

ராடைச் சுத்தம் செய்வது

ஏறாத ஜாக்கிகளில் கணிசமானவற்றுக்கு மருந்து இதுதான், அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஜாக்கியை முழுதாக நீட்டுங்கள். விரலால் ராடைச் சுற்றித் தடவினால் சீலுக்குச் சற்றுக் கீழே ஒரு வளையம் போலப் பிசுபிசுப்பு தட்டுப்படும். ஆயிலும் தூசியும் சேர்ந்து வெயிலில் காய்ந்த பிசின் அது. ராடு மேலே ஏறும்போது ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டில் போய் முட்டுவது அதுதான். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடையுங்கள். லேசான துருப்புள்ளி இருந்தால், ஆயில் தொட்ட மிக மென்மையான தேய்ப்புப் பஞ்சால் ராடைச் சுற்றியவாறு தேயுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் அந்தக் கீறல் வழியாகவே பின்னர் ஆயில் கசியும். முரட்டு எமரித் தாள் வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சு போனால் ராடுக்கு ஆயுள் இல்லை. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் அதைக் கிழித்துவிடும்.

முடித்ததும் உலர் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, வெளியே வந்த அழுக்கை மறுபடியும் துடைத்துவிடுங்கள். கிரீஸ் பூசுவது தவறு, சாலைத் தூசி முழுவதையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்காற்றில் ஜாக்கியை நீட்டியபடி பல நாள் நிறுத்துபவர்கள் அடிக்கடி துடைத்து ஸ்பிரே அடிக்க வேண்டும், உப்பு ராடை அரிக்கும்.

ஸ்பிரிங் மாற்றுவது

ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் ராடு கோணலாக இழுபடும்.

வெறும் கையால் இழுத்துக் கழற்ற முயற்சி செய்யாதீர்கள், தெறித்தால் முகத்தைப் பதம் பார்க்கும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜாக்கியை நீட்டினால் ஸ்பிரிங்கும் நீளும், சுருள்களுக்கு இடையே இடைவெளி விழும். அந்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக வாஷரைச் செருகுங்கள். இப்போது ஜாக்கியை மேலே ஏற்றினால் வாஷர்கள் தடுப்பதால் ஸ்பிரிங் சுருங்காது, நீண்டபடியே தளர்ந்து தொங்கும், கொக்கியிலிருந்து எளிதாகக் கழற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றும்போது ராடு கீழே இறங்காமல் பாதத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள். புது ஸ்பிரிங்கை ஸ்பிரிங் இழுப்பானாலோ வைஸில் கட்டி ராட்செட் பெல்ட்டாலோ நீட்டி, அதே போல வாஷர் செருகி, மாட்டிய பிறகு ஜாக்கியை நீட்டுங்கள். வாஷர்கள் தானாகக் கீழே விழும். எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

வால்வைக் கழற்றிக் கழுவுவது

வால்வுதான் என்று தெரிந்த பிறகும் உடனே புதுசு வாங்க வேண்டாம். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பேட்டரியைத் துண்டித்து, ஆயில் அழுத்தத்தை முழுதாக விடுங்கள். பல வால்வுகளில் இதற்கென்றே கையால் திருப்பும் ஒரு திருகோ பிடியோ இருக்கும். நடுவழியில் ஜாக்கி மாட்டிக்கொண்டால் காப்பாற்றுவதும் அதுவே, எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் ஜாக்கி நிற்காது.

சுற்றிலும் நன்றாகத் துடைத்த பிறகு சுருளை எடுத்து, வால்வின் உள்பகுதியை மரை வழியே திருகி எடுங்கள். அதன் வாயில் ஒரு துகள் சிக்கியிருப்பதையோ, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒரு ஓரத்தில் கடிபட்டிருப்பதையோ கண்ணாலேயே பார்க்கலாம். சுத்தமான ஆயிலில் கழுவி, நுனியை மெல்ல அழுத்தி உள் ஊசி தடையில்லாமல் போய்வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? ஒரே மாதிரியாக இருக்கும் பக்கத்து வால்வோடு இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பக்கத்து ஜாக்கிக்கு நகர்ந்தால் வால்வுதான் குற்றவாளி. அங்கேயே நின்றால் அந்த வால்வுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மாட்டும்போது புது ஓ-ரிங்குக்கு ஆயில் தடவி, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் வால்வின் உடம்பு நெளிந்து ஊசி மாட்டிக்கொள்ளும்.

ஹோஸ்

வெடிப்பு, புடைப்பு, சைலன்சர் பக்கம் காய்ந்து கறுத்த இடம் எது இருந்தாலும் ஹோஸை மாற்றுங்கள். ஒட்டிப் போடும் வேலை இங்கே ஆகாது. சாக்பீஸால் குறியிட்டு, கழற்றியதும் இரு முனைகளையும் மூடிவிடுங்கள். முனை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடிக்க வேண்டும், ஒன்றால் ஜாக்கிப் பக்கத்து இணைப்பை அசையாமல் பிடித்து இன்னொன்றால் இறுக்குங்கள். கூம்பு போல வாய் வைத்த இணைப்புகளுக்கு டெப்லான் டேப் சுற்ற வேண்டாம். அங்கே உலோகம் உலோகத்தில் உட்கார்ந்துதான் அடைக்கிறது. டேப் பிய்ந்து உள்ளே போனால் இன்னொரு வால்வு அடைபடும்.

ஜாக்கியையே கழற்ற வேண்டி வந்தால்

ராடு வளைந்துவிட்டாலோ சீல் கிழிந்து ஆயில் ஒழுகினாலோ வேறு வழியில்லை. ஜாக்கி நல்ல கனம், நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டு போல்ட் கழற்றக் கூடாது. சக்கரம் வைத்த தரை ஜாக்கியை அடியில் கொடுத்துத் தாங்கி, மெல்ல இறக்குங்கள். சீல் செட் கிடைக்கும் மாடல் என்றால் நீங்களே போடலாம். சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். வளைந்த ராடை நிமிர்த்தி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டும் நட்டும் அதே வலிமைத் தரத்தில் புதிதாகப் போடுங்கள்.

காற்றை வெளியேற்றி, மட்டம் பார்த்து முடிப்பது

டேங்கில் ஆயில் நிரப்பி, எல்லா ஜாக்கிகளையும் முழுதாக இறக்கி முழுதாக ஏற்றுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலான அமைப்புகளில் காற்று டேங்க் வழியாகத் தானாக வெளியேறிவிடும். நடுவில் கால் மணி நேரம் விட்டு நுரை அடங்கட்டும், பிறகு அளவு பார்த்து ஊற்றுங்கள்.

தானியங்கி மட்டம் உள்ள வண்டியில், சென்சாரைத் தொட்டிருந்தால் பூஜ்ய நிலையைப் புதிதாகப் பதிய வேண்டும். ரசமட்டத்தை வண்டித் தரையில் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துக் குமிழ் நடுவில் நிற்கும் வரை கையால் சரிசெய்து, அந்த நிலையைப் பதியுங்கள். வண்டியில் கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை பிரிட்ஜ் இருந்தால் அதன் அடியிலும் ஒரு முறை வைத்துப் பாருங்கள். அதற்குள் ஓடும் அம்மோனியாக் கரைசல் ஈர்ப்பு விசையால்தான் கீழே வழிந்து திரும்புகிறது. பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி சாய்வுதான் எல்லை.

கடைசியாக, பாதங்களுக்கு அடியில் அகலமான பலகை வைத்து வண்டியை மட்டப்படுத்தி, ஒவ்வொரு ராடிலும் சீலுக்குச் சற்றுக் கீழே சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கும் சீலுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அந்தத் தூரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். நான்கும் ஒரே மாதிரி சில மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால் அது குளிர். ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு விலகியிருந்தால் மறுபடியும் அதன் வால்வுக்குப் போங்கள். பிறகு ஜாக்கிகளை ஏற்றி, வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து, நான்கு பாதங்களும் மேலே ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்த பின் கிளம்பி, பத்து கிலோமீட்டர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இன்னொரு முறை குனிந்து பாருங்கள்.